கறுப்பா, நீலமா? கண்ணுக்குக் கண்கட்டு வித்தை காட்டும் சித்திரக்கதை நாயகர்கள்!

இலங்கை மலையகத்தின் திம்புள்ளத் தோட்டத்து லயத்து வாசலில் நாலு பிள்ளைகள் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தோடு கூடினால் போதும். "பேட்மேன் உடுப்பு கறுப்புடா!" என்பான் ஒருவன். "போடா, நீலம்!" என்பான் இன்னொருவன். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான்! எப்படி என்கிறீர்களா? படியுங்கள், அசந்து போவீர்கள்!

சூப்பர்மேனுக்கு நீல முடி! தெரியுமா?

1938 ஜூன் மாதத்து 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் பாய்ந்து வந்தவர் சூப்பர்மேன். பழைய வண்ண இதழ்களில் அவர் தலையை உற்றுப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே பளிச்சென்று நீலத் திட்டுகள்! ஆனாலும் அவரை 'நீல முடிக்காரர்' என்று யாராவது சொன்னதுண்டா? எண்ணெய் வைத்து வாரிய கூந்தல் வெயிலில் மினுங்குவது போல, அந்த நீலத்தை வெறும் பளபளப்பு என்று எடுத்துக்கொண்டு, முடி கறுப்புதான் என்று நம் மூளை முடிவு கட்டிவிடுகிறது!

64 நிறத்துக்குள் ஓர் உலகம்!

அந்தக் காலத்து அமெரிக்க சித்திரக்கதைகளுக்கு இருந்தவை நான்கே மைகள்: சயான் என்னும் நீலம், மஜென்டா, மஞ்சள், கறுப்பு. கறுப்பு மை பெரும்பாலும் ஓவியரின் கோட்டுக்கும் நிழலுக்கும் போய்விடும். மிச்சமுள்ள மூன்று மைகளையும் இல்லை, கால், அரை, முழுசு என்று நாலு அளவில் கலந்தால் 4×4×4 = 64 நிறங்கள். இதில் நல்ல சாம்பல் நிறம் கிடைப்பதே அபூர்வம்! கறுப்புத் துணியின் மடிப்பும் மினுக்கும் தெரிய வேண்டுமே, என்ன செய்வது? நீலத்தைப் போடு என்றார்கள் வண்ணக்காரர்கள்!

பச்சை ஹல்க் பிறந்தபோது பச்சையே இல்லை!

1962 மே மாதத்தில் வந்த தன் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தவர். அச்சகத்தில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தொலைத்தது. இரண்டாவது இதழிலேயே ஆளைப் பச்சையாக்கிவிட்டார்கள்! இன்று உலகமே அறிந்த அந்தப் பச்சை, அச்சு மையின் தொல்லையால் வந்தது.

பேட்மேனை விழுங்கிய நீலம்!

1939 மே மாதத்தில் வந்த பேட்மேனின் போர்வை கறுப்பு. மடிப்பைக் காட்டத்தான் நீலம். போகப் போக ஓவியர்கள் கறுப்பைக் குறைக்க, நீலம் பரந்து விரிந்து போர்வையையே பிடித்துக்கொண்டது! 1989இல் வந்த திரைப்படம் அவருக்கு முழுக் கறுப்புக் கவசம் மாட்டிவிட்டது. அதனால்தான் நீலப் பேட்மேனைப் படித்து வளர்ந்த தாத்தாவும் கறுப்புப் பேட்மேனைப் பார்த்த பேரனும் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள்!

ஸ்பைடர்மேன் கதையும் இதேதான்!

1962 ஆகஸ்டில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் கதையில், இன்று நாம் நீலம் என்னும் பகுதிகளில் கறுப்பு அடர்ந்து கிடந்தது. காலப்போக்கில் அங்கும் நீலமே வென்றது. வேடிக்கை கேளுங்கள்: 1984இல் அவருக்கு நிஜமாகவே கறுப்பு உடுப்பு கொடுத்தபோது, அதன் மினுக்கையும் நீலத்தால்தான் காட்டினார்கள்! அப்படியானால் வாசகர் எப்படிப் பிரித்தறிந்தார்? அளவைக் கொண்டுதான். கறுப்பு அதிகம், நீலம் கீற்று என்றால் கறுப்பு உடுப்பு. நீலம் அதிகம், கறுப்பு மடிப்பில் மட்டும் என்றால் நீல உடுப்பு!

நாட்டுக்கொரு நிறம்!

ராணி காமிக்ஸ் வாசகர்கள் 'மாயாவி' என்று கொண்டாடிய முகமூடி வீரர் ஃபேன்டம், 1936இல் கறுப்பு வெள்ளையில் பிறந்தவர். அவரைப் படைத்த லீ ஃபாக் மனதில் நினைத்தது சாம்பல் உடுப்பு. வண்ணத்தில் அச்சானபோதோ அமெரிக்காவில் ஊதா, சுவீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு! ஒரே ஆள், ஒரே கதை!

சிவகாசியில் சண்டையே இல்லை!

1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த 'ஸ்பைடர்' வேறு ஆள், பிரித்தானிய நாயகன். பல கதைகளை எழுதியவர் யார் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்! பெரும்பாலான உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. நீலமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை!

உலகையே இரண்டாக்கிய ஓர் உடுப்பு!

நிறச் சண்டை சித்திரக்கதையோடு நிற்கவில்லை: 2015 பெப்ரவரியில் ஒரு கவுனின் படம் இணையத்தைக் கலக்கியது. கவுனின் உண்மை நிறம் நீலமும் கறுப்பும். 1,401 பேரிடம் நடந்த ஆய்வில் 57 வீதத்தினர் அப்படியே சொன்னார்கள். 30 வீதத்தினர் வெள்ளையும் தங்கமும் என்று அடித்துச் சொன்னார்கள்! கவுன் நீல நிழலில் இருக்கிறது என்று எண்ணிய மூளை, நீலத்தைக் கழித்துவிட்டு வெள்ளை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதாம்!

குப்பி லாம்பு செய்யும் மாயம்!

மின்சாரம் வராத காலத்தில் லயத்துப் பிள்ளைகள் குப்பி லாம்பு வெளிச்சத்தில்தான் படித்தார்கள். அந்தச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீல ஒளி மிகமிகக் குறைவு. திருப்பி அனுப்ப நீல ஒளி இல்லாததால் நீல மை கறுத்துத் தெரியும்! பகலில் நீலமாக இருந்த நாயகன் இரவில் கறுப்பாகிவிடுவான்! மலையில் அந்தி சாயும்போதோ கதை தலைகீழ்: முதலில் கறுப்பது சிவப்பு, நீலம் நின்று பிடிக்கும். இதை 1825இலேயே எழுதிவைத்தவர் செக் அறிஞர் புர்க்கின்யே!

ஆக, உடுப்பின் நிறத்தை ஓவியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சக மை, விழும் வெளிச்சம், நம் மூளை மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நம்ப முடியவில்லையா? வீட்டில் கிடக்கும் பழைய வண்ணச் சித்திரக்கதை ஒன்றைப் பகலில் சன்னலோரமும், இரவில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கொளியிலும் பாருங்கள். பிறகு சண்டை போடுங்கள்!