கிரிப்டோ உங்க சொத்துதான், ஆனா வரி குறையாது!

2024 ஜூலைல வாசிர்எக்ஸ் ஹேக் ஆனது ஞாபகம் இருக்கா? திருடு போனது எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள். ஆனா முடங்கினது எல்லாரோட கணக்கும்!

சுமார் 2 லட்ச ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்த ஒரு முதலீட்டாளர், "திருடு போனது என் காயினே இல்லையே, நஷ்டத்துல நான் ஏன் பங்கு ஏத்துக்கணும்?"னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நியாயமான கேள்விதானே?

2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொன்னார்: கிரிப்டோ கரன்சி கிடையாது, ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடிய சொத்து. மத்தியஸ்தம் முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தார். ஒப்பந்தத்துல சிங்கப்பூர்னு இருந்தும் வழக்கு இங்கேயே நின்றது. காரணம், பணம் போனது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து.

"சொத்துன்னா வரி குறையுமா சார்?" குறையாது. லாபத்துக்கு அதே 30%, மேல செஸ். விற்கும்போது 1% டிடிஎஸ். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்துலகூட கழிக்க முடியாது.

அதனால, எந்தக் காயின், எத்தனை, எந்த பேங்க்ல இருந்து பணம் போச்சுன்னு காட்டுற ஸ்டேட்மென்ட்டை இன்னிக்கே டவுன்லோட் பண்ணிடுங்க. தளம் முடங்கின பிறகு லாகினே ஆகாம போகலாம்.