நாற்பத்தைந்துக்குப் பிறகு உம்மாவின் உடலில் என்ன மாறுகிறது?

நறுக்கி வைத்த ஆப்பிள் சற்று நேரத்தில் பழுப்பாகிறது. ஈரத்தில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. இரண்டையும் செய்வது ஆக்சிஜன்தான். நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன் நம் உடலுக்குள்ளும் இதுபோன்ற வேலையைச் செய்கிறது. மருத்துவத்தில் இதற்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர்.

நம் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உள்ளன. சாப்பிட்ட உணவை எரித்து நமக்குச் சக்தி தருபவை அவைதான். அடுப்பிலிருந்து தீப்பொறி தெறிப்பதுபோல இங்கும் சில மூலக்கூறுகள் தெறிக்கின்றன. ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் இவை பக்கத்தில் உள்ள கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என எதன் மீதும் பாய்ந்து சேதப்படுத்தும். அவற்றை அணைக்க உடலிலேயே நொதிகளும் இருக்கின்றன. முக்கியமான ஒன்றை 1969இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தீப்பொறி முழுவதும் கெட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வது இதைக் கொண்டுதான். பொறி அதிகமாகி, அணைக்கும் சக்தி குறையும்போதுதான் சிக்கல்.

வயது ஏற ஏற இதுவே நடக்கிறது. முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். அது மட்டுமே காரணம் என்று இன்றைய அறிவியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் வயதோடு சேதம் சேர்கிறது என்பதை ஏற்கிறார்கள்.

இதில் ஆணும் பெண்ணும் ஒன்றல்ல. ஸ்பெயினின் வலென்சியாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பெண் எலிகளின் மைட்டோகாண்ட்ரியா, ஆண் எலிகளுடையதைவிட ஏறத்தாழ பாதியளவு பெராக்சைடையே வெளியிட்டது. சினைப்பையை அகற்றியதும் அந்த வேறுபாடு மறைந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் திரும்பி வந்தது. தீப்பொறியை அணைக்கும் நொதிகளைப் பெருக்கச் செய்வது இந்த ஹார்மோன் என்பது அதிலிருந்து தெரிந்தது. எலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாதுதான். ஆயினும் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 10 ஆண்டுகள் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியப் பெண்கள் பலருக்கு 45லிருந்து 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. பெண்களுக்கான பயான்களில் இதுபற்றி நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் சட்டம் சார்ந்தவை. ஹைள் நின்றுவிட்டதாக எப்போது கொள்வது, பழைய களா நோன்புகளை எப்படி நிறைவேற்றுவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே நேரத்தில் உடலிலிருந்து ஒரு காவல் விலகுகிறது என்பதை யாரும் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. வாப்பாவுக்கு மாதாமாதம் பிரஷர் பார்க்கும் வீட்டில் உம்மாவின் மூச்சுவாங்கல் “வேலைக் களைப்பு” என்றோ “கேஸ்” என்றோ போய்விடுகிறது. பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத சோர்வு ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் கவனம் இன்னும் தேவை. உயர்ந்த சர்க்கரையே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். பெண்ணுக்கு இருந்த பத்தாண்டுச் சலுகையையும் அது பெரிதும் அழித்துவிடுகிறது.

அப்படியானால் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதாதா? வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளின் பெட்டியில் வைட்டமின் டப்பா இல்லாமல் இருப்பதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவை மையமாகக் கொண்டு 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் அறிவித்தார்கள். ஹார்மோன் மாத்திரையும் இதயத்தைக் காக்கும் மருந்தல்ல. ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் அதிகரித்ததால் 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. உடல் சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு அது தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பீடி, சிகரெட்டின் ஒவ்வோர் இழுப்பும் ஃப்ரீ ராடிக்கல்களை நேரடியாக உள்ளே அனுப்புகிறது. ஏற்கெனவே பாதுகாப்புக் குறைந்த ஆணுக்கு அது இரட்டைச் சுமை. பக்கத்தில் இருக்கும் மனைவியும் அதையேதான் சுவாசிக்கிறார். நடைப்பயிற்சியின் கதை வேறு. நடக்கும்போது தீப்பொறி சற்றுக் கூடத்தான் செய்யும். அதைக் கண்டு உடல் தன் அணைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது, மாத்திரையால் ஆகாத வேலை இது. காய்கறி, பழங்களை உணவாகவே சாப்பிடலாம். இஃப்தாருக்குச் சமோசா பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் சூடாக்குகிறோமே, ஒவ்வொரு சூட்டிலும் அந்த எண்ணெய் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. நிறம் கறுத்து வாடை வந்த எண்ணெயைக் குழம்புக்குத் தாளிக்கவும் எடுக்காமல் கொட்டிவிடுவதே சரி.