சேமலாப நிதி வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த பிள்ளைகள் அரசாங்க நியமனம் வரும்வரை மட்டக்களப்பு நகரிலோ கல்லடியிலோ காத்தான்குடியிலோ தனியார் வேலையில் சேர்கிறார்கள். சேர்ந்த அன்றே பலர் முதலாளியிடம், "எனக்கு ஈபிஎஃப் போடாதீங்க, கவர்மென்ட் வேலை கிடைக்காமப் போயிரும்" என்று தாங்களே கேட்கிறார்கள். முதலாளியும் உடனே சம்மதிக்கிறார். நியமனக் கடிதமும் தருவதில்லை.

இந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் அதிகாரிகள். 2020 பட்டதாரிப் பயிலுனர் நியமனத்தில் ஊழியர் சேமலாப நிதிக் (ஈபிஎஃப்) கணக்கு இருந்த பலரை முதலில் நிராகரித்தார்கள். மேன்முறையீடுகள் குவிந்த பிறகே மீண்டும் பரிசீலித்தார்கள். சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றையே தகுதிக்குறைவாக்கிய அந்தக் குளறுபடியின் விலையைப் பிள்ளைகள் இன்றும் கொடுக்கிறார்கள்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பணத்தில் 12 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் பயிலுனருக்கும் முதல் நாளிலிருந்தே இது உண்டு. முதலாளியின் 12 வீதத்தை உங்கள் சம்பளத்தில் வெட்டினால் அது சட்டவிரோதம். "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அவருடைய கடமை நீங்காது.

மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்றால் இரண்டு நிதிக்குமாக முதலாளி தரவேண்டியது 4,500 ரூபாய். இரண்டு வருடத்தில் 108,000 ரூபாய். ஓய்வூதியத்துடன் கூடிய அரச நியமனம் கிடைத்தால், சேமலாப நிதியில் உள்ளதை 'கே' படிவம் நிரப்பி வயது பாராமல் எடுத்துக்கொள்ளலாம். வருமோ வராதோ என்ற நியமனத்துக்காகக் கையில் வரவேண்டிய காசை விடாதீர்கள்.

வேலையில் சேரும் நாளில் நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், பதவி மூன்றும் அதில் இருக்க வேண்டும். சேமலாப நிதி அங்கத்துவப் படிவத்தில் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அங்கத்துவ இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள்.

பணம் கட்டப்படவில்லை என்றால் மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, சேர்ந்த திகதி, சம்பளம் ஆகியவற்றை எழுதி, வங்கிப் புத்தகப் பிரதி, வரவுப் பதிவு, வேலை பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் என எது கிடைத்தாலும் இணையுங்கள். உங்கள் பெயரை முதலாளிக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்கலாம். முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "பிறகு வாங்க" என்று வாய்ச்சொல்லில் அனுப்பினால், அதையும் எழுத்தில் கேளுங்கள். தாமதித்த பணத்துக்கு முதலாளி 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த நேரிடும்.

படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து படித்து முடித்த பிள்ளைகளே, மறுபடியும் சொல்கிறேன்: சேமலாப நிதி வேண்டாம் என்று எவரிடமும் சொல்லாதீர்கள். நியமன அறிவித்தல் வந்தால் வர்த்தமானியிலுள்ள நிபந்தனையை நீங்களே வாசியுங்கள். அநியாயமாகத் தள்ளினால் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். 2020இல் பலருக்கு வழி திறந்தது அப்படித்தான்.