திரை இருண்டால் கணிப்பொறி பழுதா?

வீட்டில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணிப்பொறி. ஒரு நாள் விசையைப் போட்டால் உள்ளே மின்விசிறி சுழலும் ஓசை கேட்கிறது; திரையோ இருண்டு கிடக்கிறது. "பழைய பொறி, இனி உதவாது" என்பார் ஒருவர். "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்பார் மற்றொருவர். அவசரப்பட்டு அப்படிச் செய்தால், வட்டில் சேர்த்து வைத்த பாடக் குறிப்புகளும் புகைப்படங்களும் மறைந்துபோகக் கூடும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். படம் எந்தக் கட்டத்தில் மறைகிறது?

படம் வரும் வழி

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருள், எதை வரைய வேண்டும் என்று கூறுகிறது. டிரைவர் என்னும் மென்பொருள் அதைக் காட்சி அட்டைக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. அட்டை அவற்றை மின்குறிகளாக்கிக் கேபிள் வழியே அனுப்ப, மானிட்டர் ஒளியாக்கிக் காட்டுகிறது. டிரைவரை ஒரு மொழிபெயர்ப்பாளர் எனலாம். அட்டைக்கு அட்டை மொழி வேறு. ஆகவே ஒன்றுக்கு எழுதிய டிரைவர் மற்றொன்றுக்குப் பொருந்துவது உறுதியில்லை.

ஆனால் விசையைப் போட்டவுடன் விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. தாய்ப்பலகையிலும் அட்டையிலும் உள்ள சில்லுகளில் பதிந்திருக்கும் நிரலே முதல் எழுத்துகளை வரைகிறது. இந்த உண்மைதான் நமக்குத் துப்பு.

முதல் எழுத்தே வராவிட்டால்

குற்றம் டிரைவரிடம் இல்லை. முதலில் கணிப்பொறியிலிருந்து கேபிளைக் கழற்றி, மானிட்டரை மட்டும் இயக்கிப் பாருங்கள். 'சிக்னல் இல்லை' என்ற செய்தி தோன்றினால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, கேபிள் எங்கே செருகப்பட்டிருந்தது என்று கவனியுங்கள். தனிக் காட்சி அட்டை பொருத்திய பொறிகள் பலவற்றில் தாய்ப்பலகையிலும் ஒரு செருகுவாய் இருக்கும். அட்டை இருக்கும்போது தாய்ப்பலகையின் செருகுவாய் பெரும்பாலும் செயலற்றுவிடும்.

பிறகு மின் இணைப்பை முற்றிலும் எடுத்துவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். நினைவக அட்டையையும் காட்சி அட்டையையும் கழற்றித் தூசு நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். பழைய பொறிகள் பல இந்த அளவிலேயே பிழைத்துக்கொள்ளும்.

நிறம் மட்டும் மாறினால்

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்னும் காட்சி முறையை அறிமுகப்படுத்தியது. அதன் செருகியில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் குறிகளும் மூன்று தனி ஊசிகள் வழியே செல்கின்றன. நீல ஊசி வளைந்தோ, அதன் கம்பி அறுந்தோ போனால் வெண்மை மஞ்சளாகத் தெரியும். ஏனெனில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். பச்சை தவறினால் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. சிவப்பு தவறினால் நீலப்பச்சை. நிறத்தைக் கொண்டே அறுந்த கம்பியைக் கண்டுபிடித்துவிடலாம்! இதற்கு டிரைவரை மாற்றிப் பயனில்லை.

எழுத்து வந்து, பிறகு இருண்டால்

இங்குதான் டிரைவர் மீது ஐயம் எழுகிறது. முதல் எழுத்துகள் தெளிவாக வந்ததால், அட்டை, கேபிள், மானிட்டர் மூன்றும் அடிப்படை வேலையைச் செய்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 உள்ள பொறியாயின், விண்டோஸ் சின்னம் தோன்றுமுன் எஃப் 8 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டி, 'சேஃப் மோடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது விண்டோஸ் அட்டைக்குரிய டிரைவரை ஒதுக்கிவிட்டு, எளிய பொது டிரைவரைக் கொண்டு படம் வரையும். எழுத்துகள் பெரிதாகவும் படம் கரடுமுரடாகவும் இருக்கும், அஞ்ச வேண்டாம். படம் வந்தால் பழைய டிரைவரை நீக்கிவிட்டு, அட்டையின் மாதிரிக்கும் விண்டோஸின் பதிப்புக்கும் ஏற்ற டிரைவரை ஏற்றலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-லும் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020-லும் நிறுத்தப்பட்டன. எனவே கைவசம் உள்ள டிரைவர் குறுந்தகட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது. சரியான டிரைவரை ஏற்றிய பின்னும் படம் மறைந்தால், சூடேறிப் பழுதாகும் அட்டையைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள் சிலவற்றில் படத்தை நொடிக்கு 85 முறை புதுப்பிக்குமாறு அமைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுத் தட்டை மானிட்டரை வைத்தால், அதனால் அந்த வேகத்தை ஏற்க இயலாமல் 'எல்லைக்கு அப்பால்' என்ற பொருளில் செய்தி காட்டிவிட்டு இருண்டுவிடும். பழைய மானிட்டரை மீண்டும் இணைத்து, வேகத்தை 60 ஆகக் குறைத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை: கண்ணாடிக் குழாய் மானிட்டரின் உறையை ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. விசையை அணைத்த பின்னும் அது தங்கியிருக்கும்.

படம் மறைவதால் வட்டில் உள்ளவை மறைந்துவிடுவதில்லை. ஆகவே அழிக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளைப் படி எடுத்துவிடுங்கள். இருண்ட திரையின் முன் முதலில் தேவைப்படுவது திருப்புளி அன்று; கவனித்துப் பார்க்கும் கண்.