ஈரி ஏரி புகட்டும் பாடம்

கண்ணெதிரே கடல்போல் ஏரி; திறந்தால் கொட்டும் குழாய் ஜலம்; ஆயினும் அதை வாயில் வைக்கலாகாதென்று உத்தரவு! 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டொலிடோ நகர ஜனங்களுக்கு நேர்ந்த கதி இது. 4 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் 4-ந் தேதி வரையில் குடிநீருக்குத் திண்டாடினர்.

காரணம் யாது? ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியேயாம். பாசியென வழங்கினும் இது சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். இதில் சில இனங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற விஷத்தைச் சுரக்கின்றன. அது ஈரலைக் கெடுக்கும். காய்ச்சிக் குடித்தாலென்ன என்பாருளர். கொதிநீரில் நோய்க்கிருமிகள் மாளும், இவ்விஷமோ மாளாது. ஜலம் சுண்டச் சுண்ட அதன் செறிவே மிகும். எப்பாசி விஷமுடையது என்பதும் கண்ணால் கண்டு சொல்லக் கூடியதன்று, சோதனைச்சாலையே சொல்லவேண்டும். ஆகையால் இத்தகைய பாசி மூடிய நீரில் குழந்தைகளையும் கால்நடைகளையும் இறங்கவிடாதிருப்பதே விவேகம்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் இதன் மூலத்தை எளிதில் அறிவர். மீன் தின்றது போக மிஞ்சிய இரை அழுகினால் தொட்டியில் வழவழப்பான படலம் படர்கிறது. அதை வழித்தெறிந்தால் மட்டும் போதாது. இரையைக் குறைத்து ஜலத்தையும் மாற்றவேண்டும். ஏரிக்கும் நியாயம் அதுவே. அங்கே மிஞ்சிய இரை பாஸ்பரஸ் சத்து.

ஈரி ஏரி முன்னும் ஒருமுறை இவ்வாறு சீர்கெட்டதுண்டு. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்துகொண்டு, சாக்கடையாலும் சலவைத் தூளாலும் சேர்ந்த பாஸ்பரஸைக் குறைத்தன, ஏரியும் தேறியது. பின்னர் வயல்களின் உரமும் சாணமும் மழைநீரோடு மௌமீ நதி வழியே வந்து சேர்ந்து அதை மீண்டும் கெடுத்தன. ஆலைக் குழாயை அடக்கிய 1972-ஆம் வருஷத்து மத்திய சட்டம் வயலிலிருந்து வழியும் மழைநீரை அடக்கவில்லை. 2019-இல் டொலிடோ வாசிகள் ஏரிக்கே உரிமைகள் வழங்கி வாக்களித்தனர். தெளிவற்றதென்று கூறி 2020-இல் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது.

விவசாயியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஊரார் உண்ணும் நீர் ஒருவர் தோட்டத்துச் சொத்தல்ல. ஜனங்கள் அடுப்பை மூட்டிக் காய்ச்சித் தீர்த்துக்கொள்ளக்கூடிய தீமையும் இதுவன்று. ஏரியில் கலந்த விஷத்தைக் குடத்தில் தேடிப் பயனென்ன? கரைக்கு அப்பாலேயே அதைத் தடுப்பது சர்க்காரின் கடமை. அக்கடமையைச் செய்விக்கும்வரை ஓயாதிருப்பது பிரஜைகளின் கடமை.