'கல்யாணம் ஆகிடுச்சா?': பெண் தொழிலாளர்களிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி? கம்பெனி கேட் முதல் ஹாஸ்டல் கேட் வரை... சட்டம் சொல்வது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, பூந்தமல்லி நெடுஞ்சாலை... திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். எல்லோரும் 18 வயது முடிந்தவர்கள், ஓட்டு போடுபவர்கள். பல வீடுகளில் தம்பியின் படிப்பும் அப்பாவின் மருந்துச் செலவும் இவர்கள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் வேலைக்குச் சேரப் போனாலும், வாடகைக்கு வீடு தேடினாலும் இவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "கல்யாணம் ஆகிடுச்சா?"

ஆகிடுச்சுன்னு சொன்னா வேலை கிடைப்பது கஷ்டம். ஆகலைன்னு சொன்னா வீடு கிடைப்பது கஷ்டம். அப்படியென்றால் ஒரு பெண் என்ன பதில் சொன்னால்தான் சரி? இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்க சட்டம் அனுமதிக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

ஐபோன் ஆலை கேட்டில் என்ன நடந்தது?

இந்த விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்டது 2024 ஜூனில். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், திருமணமான பெண்கள் அசெம்பிளி வேலைக்கு எடுக்கப்படுவதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது.

2023 மார்ச்சில் வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து, 20-களில் இருந்த அக்கா, தங்கை இருவர் இன்டர்வியூவுக்குப் போனார்கள். கேட்டில் இருந்த பாதுகாப்பு அதிகாரி, திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் இருவரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்கிறது அந்தச் செய்தி. என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை தெரியும் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது.

செய்தி வெளியான மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

நிறுவனத்தின் தரப்பு என்ன? 2022-ல் வேலைக்கு எடுக்கும் முறையில் சில குறைகள் இருந்ததாகவும், அவற்றைச் சரிசெய்ததாகவும் ஃபாக்ஸ்கான் கூறியது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25% பேர் திருமணமான பெண்கள் என்றும் அதன் தரப்பில் அரசிடம் தெரிவிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

2024 ஜூலையில் மத்திய தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குச் சென்று விசாரித்தனர். அப்போது நிறுவனம் கொடுத்த கணக்கு இது: மொத்த ஊழியர்கள் 41,281 பேர். அதில் பெண்கள் 33,360 பேர். அவர்களில் திருமணமானவர்கள் சுமார் 2,750 பேர். அதாவது ஏறத்தாழ 8%.

அதே ஆண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஆள்சேர்ப்பு ஏஜென்சிகளுக்கு நிறுவனம் உத்தரவிட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. விளம்பரத்தில் இருந்து அந்த வரி போய்விட்டது. கேள்வி கேட்பவர் மனதில் இருந்து போயிருக்கிறதா என்பதுதான் பாக்கி.

திருமணமானவர்களை ஏன் தவிர்க்கிறார்கள்?

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று:

• குழந்தை பிறந்தால் நீண்ட லீவு எடுப்பார்கள்.
• வீட்டுப் பொறுப்பு இருப்பதால் அடிக்கடி லீவு போடுவார்கள்.
• தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல்.

நகை விஷயம் எளிது. பாதுகாப்புக்காக உலோகம் கூடாது என்றால் அது ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே விதி. கழற்றுவதா, அதன் மேல் டேப் ஒட்டுவதா, அந்த வேலையே வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யலாம். அவர் கழற்ற மாட்டார் என்று கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்யத் தேவையில்லை.

பிரசவ லீவு விஷயத்தில்தான் பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்தின்படி, முதல் 2 குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. "26 வாரச் சம்பளத்தை சும்மா கொடுக்க முடியுமா?" என்பதுதான் முதலாளிகளின் வாதம்.

ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த 26 வாரத் தொகையைக் கொடுப்பது கம்பெனி அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். தொழிலாளி குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பங்கு 3.25%, அதாவது 487 ரூபாய் 50 காசு. தொழிலாளியின் பங்கு 0.75%, அதாவது 112 ரூபாய் 50 காசு. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் இந்தத் தொகை மாறாது. அந்த 26 வாரத்துக்கு மாற்று ஆள் தேட வேண்டிய சிரமம் கம்பெனிக்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் சம்பளச் சுமையே தன் தலையில் விழுகிறது என்பது இந்த வகைத் தொழிலாளர்கள் விஷயத்தில் சரியல்ல.

மூன்றாவது, வீட்டுப் பொறுப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதான் லீவு போட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். அதே காரணத்தைக் காட்டி கம்பெனியும் வேலை இல்லை என்கிறது. வீட்டில் பாதி வேலையைக்கூட எடுத்துக்கொள்ளாத கணவரிடம் எந்த கேட்டிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

இது புதுசா?

இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இதன் இன்னொரு முகம் இருந்தது. திருமணமாகாத பெண்களை 3 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். மாதாமாதம் குறைந்த சம்பளம். முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. மில் வளாகத்திலேயே தங்க வேண்டும். இடையில் நின்றுவிட்டால் அந்தத் தொகை கைக்கு வராது என்ற புகார்கள் ஏராளம்.

அங்கே கல்யாணத்தைக் காட்டி வேலைக்கு எடுத்தார்கள். இங்கே கல்யாணத்தைக் காட்டி வேலை மறுக்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பெண்ணின் வேலை என்பது கல்யாணம் வரைக்கும் நேரம் போக்கும் ஏற்பாடு என்ற நினைப்பு.

அரசு வேலையும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், திருமணத்துக்குப் பிறகு ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அப்போது விதி இருந்தது. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாக விமர்சித்தார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்குத் தடை என்றால், ஆணுக்கும் அது தடையாகலாமே என்பது அவரது கேள்வி.

ஆனால் 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில் பாதி வெற்றிதான் கிடைத்தது. முதல் கர்ப்பத்திலேயே வேலையை விட்டு அனுப்பும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பணியில் சேர்ந்த 4 ஆண்டுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை மட்டும் ஏற்றுக்கொண்டது.

2024 பிப்ரவரியில் நிலைமை மாறியது. திருமணம் செய்ததற்காக 1988-ல் ராணுவ செவிலியர் பணியில் இருந்து நீக்கப்பட்ட பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திருமணத்தைக் காரணம் காட்டி பெண்ணை நீக்குவது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்றது. நியாயம் கிடைத்தது, ஆனால் 36 ஆண்டுகள் கழித்து.

தனியார் கம்பெனிகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் ஓட்டை இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் 'திருமண நிலை' என்ற வார்த்தை நேரடியாக இல்லை.

"பெண் என்பதற்காக மறுக்கவில்லை, திருமணமானவர் என்பதற்காகத்தான்" என்று ஒரு கம்பெனி வாதிட இது இடம் கொடுக்கிறது. திருமணமான ஆணை எடுத்துக்கொண்டு திருமணமான பெண்ணை மட்டும் மறுத்தால் அது பாலினப் பாகுபாடுதான் என்பது எதிர்வாதம். இந்த வாதத்துக்கே இடமில்லாமல் சட்டத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வேலை கிடைத்த பிறகு? ஜமீன் கொரட்டூர் சொன்ன பாடம்

சரி, திருமணமாகாத பெண். வேலையும் கிடைத்துவிட்டது. அதோடு பிரச்சினை முடிந்ததா? அடுத்த கேட், ஹாஸ்டல் கேட்.

2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான் ஆலை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஆனால் அதில் வேலை செய்த பெண்களில் ஒரு பகுதியினர் தங்கியிருந்தது திருவள்ளூர் மாவட்டம் ஜமீன் கொரட்டூரில் உள்ள விடுதியில். அங்கே சாப்பிட்ட 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மருத்துவமனைக்குப் போன தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று மற்ற பெண்களுக்குச் சரியான தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17-ம் தேதி இரவு ஏறத்தாழ 2,000 பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வரை மறியல் நீடித்தது.

அதன் பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியே வந்தது. ஒரே அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கியதாகவும், தரையில் படுத்ததாகவும், கழிப்பறையில் தண்ணீர் வராத இடங்கள் இருந்ததாகவும் தொழிலாளர்கள் ராய்ட்டர்ஸிடம் கூறினர். சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறந்தது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை சிப்காட் சார்பில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். ஒரு அறைக்கு 6 பேர். 30 பேர் படுத்த தரையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அன்று ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு இதில் பங்கு உண்டு.

வயசு வந்தவங்களுக்கு எதுக்கு காவல்?

கட்டடம் மாறலாம். கேட்டை மூடும் நேரம்? பல தனியார் விடுதிகளில் இத்தனை மணிக்குள் வர வேண்டும், வெளியே போக காரணம் சொல்ல வேண்டும், லேட் ஆனால் அப்பாவுக்கு போன் போகும் என்பதுதான் நடைமுறை. கேட்டால் "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்" என்பார்கள்.

இரவு ஷிப்டுக்கு 11 மணிக்கு பஸ் ஏற்றி அனுப்பும்போது வராத பயம், ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்த்துவிட்டு 9 மணிக்குத் திரும்பினால் மட்டும் வந்துவிடுகிறது. உற்பத்திக்கு என்றால் வளர்ந்த பெண், சொந்த வேலைக்கு என்றால் சின்னப் பொண்ணு.

வளர்ந்தவர்களின் வாழ்க்கை என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்பி, மிச்சத்தில் ஒரு சுடிதார் வாங்குவது. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் நிம்மதியாகத் தூங்குவது. பிடிக்காத வேலையை விட்டு வேறு வேலை தேடுவது. இதே வயது ஆண் தொழிலாளி யாரிடமும் கேட்காமல் செய்வதுதான் இதெல்லாம். பெண் செய்தால் மட்டும் கம்பெனி, வார்டன், வீட்டு ஓனர், ஊர் என்று நான்கு இடத்தில் அனுமதி தேவைப்படுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

• விடுதி: தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த, 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் புகார் தரலாம்.

• பாலியல் தொல்லை: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் புகார் தரலாம். கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ்ஸும் சட்டப்படி 'பணியிடம்'தான். 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

• இரவு ஷிப்ட்: இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரையிலான வேலைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

• பிரசவ லீவு: மகப்பேறு லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். இ.எஸ்.ஐ. எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

• அவசர உதவி: பெண்கள் உதவி எண் 181, அவசர அழைப்பு எண் 112.

2019-20 ஆண்டுத் தொழில் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43% பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெண்களில் ஒருவர் நாளை கம்பெனி கேட்டில் நிற்கும்போது, "என்ன வேலை தெரியும்?" என்பது முதல் கேள்வியாக இருந்தால் அந்தப் பெருமைக்கு அர்த்தம் உண்டு.