கேமரா வாங்கினால் சேனல் வளருமா?

"மாமா, கேமரா ஒண்ணு தவணைல எடுக்கலாம்னு இருக்கேன். முன்பணம் மட்டும் நீங்க கொடுத்தா போதும்."

போனில் இதைச் சொல்வதற்கே அக்கா மகள் ரொம்பத் தயங்கினாள். மதுரையில் ஒன்றரை வருடமாகச் சமையல் சேனல் நடத்துகிறாள். எண்பது வீடியோ போட்டும் சப்ஸ்கிரைபர் 640-ஐத் தாண்டவில்லை. இருப்பதிலேயே அதிகம் ஓடியது, போன தீபாவளிக்குப் போட்ட அதிரசம். அதையே நல்ல கேமராவில் திரும்ப எடுத்தால் சேனல் தூக்கிக்கொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு அது ஆறு மாதச் சம்பளம். மறுக்கவும் மனம் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

போனை எவர்சில்வர் அரிசி டப்பாவில் சாய்த்து, அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி வைத்திருந்தாள். எடுத்ததை ஓட்டிக் காட்டினாள். "பாருங்க, கோடு கோடா ஓடுது. இந்த போன் இவ்வளவுதான்." உண்மைதான், கறுப்புப் பட்டைகள் திரையில் ஊர்ந்தன. ஆனால் அதற்குக் காரணம் தலைக்கு மேல் எரிந்த பழைய சோக் டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. போனின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100-ல் நிறுத்தினோம், 1/50 வைத்தாலும் சரிதான். பட்டை போயே போய்விட்டது. இதைச் செய்யாவிட்டால் 75,000 ரூபாய் கேமராவிலும் அதே பட்டைதான் ஓடியிருக்கும்.

பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே காட்சியைக் கேட்டேன். அவள் பாகுப் பதத்தை விளக்கிக்கொண்டிருக்கிறாள். என் காதில் விழுந்தது புகைபோக்கி விசிறி மட்டும்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டிய மைக் எட்டு சாண் தள்ளி இருந்தால் குரலில் 18 டெசிபல் போய்விடும். விசிறியின் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். கருவி ஒரு சேனலைக் கட்டிப்போடும் என்றால், பத்தில் எட்டுப் பேருக்கு அது இந்த இடம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலரில் குத்தும் வயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதுவும் முடியாதென்றால் வீட்டில் கிடக்கும் பழைய போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அதன் இயர்போன் மைக்கைத் துப்பட்டாவில் குத்திக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல் தட்டினால் எடிட்டிங்கில் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்த அந்த வீடியோக்களை ஒலிக்காகவே இன்னொரு முறை பாருங்கள். சீரகம், மிளகு, மல்லி என்று ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கூவித்தான் போடுவார்கள். காற்றை மீறி அந்தக் குரல் வந்து சேரும். விளக்கு வேலையைச் சூரியன் பார்த்துக்கொண்டது. அந்தக் கூவலில் ஒரு உற்சாகம் இருந்தது. எந்தக் கடையிலும் அது விற்பனைக்கு இல்லை.

கேமராவே இல்லாமல் வளர்ந்த சேனலும் உண்டு. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் தன் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க 2006-ல் யூடியூபில் பாடங்களைப் போடத் தொடங்கினார். கறுப்புத் திரை, எழுதுவதற்கு ஒரு மின்பேனா, நிதானமான குரல். அவர் முகம் திரையில் வரவில்லை. கான் அகாடமி அதிலிருந்து எழுந்ததுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பறவைகளை எடுப்பவருக்கு நீண்ட லென்ஸ் இல்லாமல் முடியாது. கோயில் மண்டபத்தின் இருட்டில் தூண் சிற்பத்தை எடுப்பவருக்குப் போனின் சின்ன சென்சார் புள்ளி புள்ளியாகத்தான் தரும். போன்களை விமர்சிக்கும் மார்க்கஸ் பிரவுன்லீயின் வீடியோக்களுக்கு அந்தத் துல்லியமே ஒரு ஈர்ப்பு. இன்று அவர் கையில் இருப்பவை சினிமா எடுக்கும் கேமராக்கள். ஆனால் பள்ளி மாணவனாக 2009-ல் அவர் தொடங்கியது மடிக்கணினியின் வெப்கேமில். பார்வையாளர்கள் முதலில் வந்தார்கள், பெரிய கேமரா அதற்குப் பிறகுதான் வந்தது.

பெரிய கேமரா கூடவே ஒரு செலவையும் இழுத்து வரும். பத்து நிமிட வீடியோவை 1080பி-யில், யூடியூப் பரிந்துரைக்கும் 8 எம்பிபிஎஸ் அளவில் ஏற்றினால் சுமார் 600 எம்பி. அதே வீடியோ 4கே-யில் 3 ஜிபி-யைத் தொடும். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கும் என் அக்கா மகளுக்கு அது இரண்டு நாள் டேட்டா.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய அதிரச வீடியோவின் கணக்கைத் திறக்கச் சொன்னேன். யூடியூப் ஸ்டுடியோவில், பார்ப்பவர்கள் எந்த நொடியில் கிளம்பிப் போகிறார்கள் என்று காட்டும் ஒரு கோடு இருக்கிறது. அவள் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. முதல் 40 நொடியிலேயே கோடு பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. அந்த 40 நொடியும் வணக்கம், சேனல் பெயர், மறக்காமல் சப்ஸ்கிரைப் பண்ணுங்க. படம் அங்கே நன்றாகத்தான் இருந்தது. முழுநீள வீடியோக்களை நம்பி விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனால் அதற்கு 1,20,000 பேர் வர வேண்டும். நான்கு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் 60,000 பேர் போதும்.

கோடு போகப் போகச் சரிந்துகொண்டே போய், நான்காவது நிமிடத்தில் திடீரென்று மேட்டைப் போல எழுந்தது. பார்த்தவர்கள் பின்னால் தள்ளித் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தோம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு வெல்லப் பாகை விட்டு, விரலால் கூட்டி, உருண்டை திரள்கிறதா என்று காட்டுகிறாள். போனின் ஃபோகஸ் ஒரு கணம் தடுமாறிப் பிறகுதான் நிலைக்கிறது. அதைத்தான் அத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பாகு தவறினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அவள் அந்த மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இதைத்தானே மாமா முதல்ல காட்டணும்?"

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்ன அடுப்பைக் கொல்லைக் கதவருகே நகர்த்தினோம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்தது, டியூப்லைட்டை அணைத்தோம். அவள் துப்பட்டாவில் பழைய இயர்போன். அரிசி டப்பா ஆறடியிலிருந்து ஒரு கை நீளத்துக்கு வந்தது. அக்கா விசிறியை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அக்கா மகள் ஒரு தடவை கைதட்டினாள். வணக்கம் சொல்லவில்லை. கிண்ணத்தைப் போன் அருகே தள்ளி, ஈர விரலில் பாகு உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பதம் வரணும். வரலைன்னா அடுப்பை அணைச்சுடாதீங்க."